ஒருவருக்குத் திறந்த பூட்டு

இருவர் எதிரெதிரே நின்றால் மட்டும் திறக்க வேண்டிய பூட்டு, தனியாகப் போன ஆளுக்குத் திறந்திருந்தது. ஒருமுறை நடந்திருந்தால் ஏதோ கோளாறு என்று விட்டிருக்கலாம். மூன்று பேர், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு போன்களை எடுத்துக்கொண்டு தனித்தனியாக நடந்து பார்த்தார்கள். மூன்று பேருக்கும் திறந்திருந்தது. அதுவும் ஒரே இடத்திலிருந்து.

மகாபலிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், ஜெபா மடிக்கணினியில் அந்தப் பதிவுகளை மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி டம்ளரில் டீ ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. அவளுக்கு எதிரே தீனதயாளன் வாழைக்காய் பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்து எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்தான். இருவரும் சிறுசேரியில் ஒரே அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கிறவர்கள். விடுமுறை நாட்களில் சேர்ந்து இந்தப் 'புதிர் நடை'யைச் செய்திருந்தார்கள்.

புதிர் நடை என்பது எளிய விளையாட்டு. போன் ஓர் இடத்தைச் சொல்லும். அங்கே போனால் ஒரு விடுகதை வரும். விடை அந்த இடத்திலேயே, ஒரு சிற்பத்திலோ சுவரிலோ இருக்கும். விடையைப் போட்டால் அடுத்த இடம் தெரியும். இப்படி ஆறு நிறுத்தங்களில் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நடந்தாலும் ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடியே போய்விடுகிறார்கள் என்று ஜெபாவுக்கு வருத்தம். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விடைக்குப் பிறகு ஒரு பூட்டு வைத்தாள். இருவரும் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, முகம் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் திறக்கும்.

அது வேலை செய்யும் விதத்தில் அவளுக்குத் தனிப் பெருமை. ஒரு போன், மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் மூன்று சுரங்களை ஏறுவரிசையில் சீட்டியடிக்கும். எதிரே இருக்கும் போன் அதைக் கேட்டதும், அதே மூன்றையும் இறங்குவரிசையில் திருப்பிச் சொல்லும். போய்வர ஆன நேரத்தைக் கணக்கிட்டால் நடுவில் இருக்கும் தூரம் கிடைத்துவிடும். புளூடூத்தை வைத்திருக்கலாம், ஆனால் அது சுவரைத் தாண்டிப் போகும், பக்கத்து அறையில் இருப்பவரையும் எதிரில் நிற்பதாகச் சொல்லிவிடும். இவ்வளவு மெல்லிய ஒலி சுவரைத் தாண்டாது. எதிரே நின்றால் எதிரே நிற்பதுதான்.

"எதிரொலிக்கா," என்றான் தீனதயாளன். "மகாபலிபுரத்துல பாற இல்லாத எடம் எங்க கீது சொல்லு. அடிச்ச சீட்டி பாறைல மோதித் திரும்பி வருது. அவ்ளோதான்."

"எதிரொலி ஏறுவரிசைலதான்டா வரும். போன மாதிரியேதான் திரும்பும். இங்க பாரு, எறங்குவரிசைல வந்து கீது. எதிரொலி எங்கனாச்சும் தலகீழா வருமா?"

"அப்ப பேயிக்கா."

"பேயி நம்ம ஆப்ப டவுன்லோடு பண்ணி, ஓடிபி போட்டு உள்ள வந்துச்சா?"

"மனுசங்களே அந்த ஓடிபிக்குக் காத்துகினு பேஜாராயி ஓடிப் பூடறாங்க. பேயி பொறுமையா வந்திருந்தா அதுக்குத்தான் மொதப் பரிசு."

ஜெபா சிரித்தாள். சிரித்தபடியே மறுபடி பதிவைப் பார்த்தாள். முதல் இரண்டு நிறுத்தங்களில் பூட்டு ஒழுங்காக மூடியே இருந்தது. மூன்றாவதில் திறந்தது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் திறந்தது. கடைசியான ஆறாவதில் மறுபடி மூடிக்கொண்டது. மூன்று பேருக்கும் இதே கதை. எதிரில் நின்றதாகப் போன் சொன்ன தூரம் சுமார் ஒரு முழம். விளையாட வருகிறவர்கள் அவ்வளவு நெருங்கி நிற்பதில்லை. கணவன் மனைவிகூட இரண்டு எட்டு தள்ளித்தான் நிற்பார்கள்.

"ஞாயித்துக்கிழம பசங்க வந்து போவட்டும்க்கா. அப்பால பொறுமையாப் பாக்கலாம்."

"கெசியா வர்றாடா," என்றாள் ஜெபா.

செங்கல்பட்டில் ஜெபாவின் குடும்பம் போகும் சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்தான் புதிர் நடைக்கு வரப்போகும் முதல் கூட்டம். அதில் அவளுடைய ஏழு வயது மகள் கெசியாவும் ஒருத்தி. வீட்டில் அப்பாவின் போனை வைத்துக்கொண்டு நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்பதை ஒரு வாரமாகப் பழகிக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு நடக்கற வழில எனக்குப் புரியாதது ஒண்ணும் இருக்கக் கூடாது. நான் ஒருவாட்டி தனியா நடந்து பாத்துடறேன்."

"நான் வரட்டா?"

"நீ வந்தா ரெண்டு பேராயிடும். அப்பறம் இன்னாத்த சோதிக்கறது?"

சிறுசேரிக்குப் போகும் அலுவலக வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவன் பஜ்ஜிக் காகிதத்தைச் சுருட்டியபடி ஓடினான். மாலை வெயில் சாலையில் நீளமாகக் கிடந்தது.

முதல் நிறுத்தத்தில், 'ஒருவர் மட்டும். பூட்டு திறக்காது' என்றது போன். சரி. இரண்டாவதிலும் அப்படியே. சோதனைக்காக மட்டும் அவள் வைத்திருந்த ரகசியப் பொத்தானை அழுத்தி, பூட்டைத் தாண்டி அடுத்த விடுகதைக்குப் போனாள். கலங்கரை விளக்கக் குன்றுக்குப் பின்புறம், கம்பி வேலிக்கு வெளியே, சுற்றுலாக்காரர்கள் வராத ஒரு பாறை இருந்தது. அதில்தான் மூன்றாவது நிறுத்தம்.

இந்த ஊரில் முடிக்காமல் விட்ட வேலைகள் நிறைய உண்டு. இந்தப் பாறையிலும் ஆள் உயரத்துக்கு ஒரு மாடம் குடைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தூண், மேலே வளைவு, கீழே பீடம். எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தது. உள்ளே நிற்க வேண்டிய உருவம் மட்டும் இல்லை. அந்த இடத்தைச் செதுக்காமல் கரடாக விட்டிருந்தால்கூட இயல்பாக இருந்திருக்கும். அதை வழவழவென்று தேய்த்திருந்தார்கள், யாரோ வந்து போய்ப் பழகிய வாசல்படியைப் போல. ஜெபாவுக்கு இந்த இடம் பிடித்துப்போய்த்தான் விடுகதையை எழுதினாள்: 'இங்கே நிற்க ஆள் இல்லை. ஒருவர் நில்லுங்கள். மற்றவர் எதிரே நின்று முகம் பாருங்கள்.'

குன்றுக்கு அந்தப் பக்கத்தில் சிற்பப் பட்டறைகளின் கல் அறுக்கும் இயந்திரம் கூவிக்கொண்டிருந்தது. மூக்கில் கருங்கல் தூசி. வெயிலில் காய்ந்த ஆட்டுப் புழுக்கை மணம். மாடத்துக்கு நேரே நின்று போனை நெஞ்சருகே பிடித்தாள்.

'இருவர் இருக்கிறீர்கள். பூட்டு திறந்தது.'

எதிர்பார்த்ததுதான். அவள் மாடத்தைப் பார்த்தாள். வழவழப்பான கல். அதில் மாலை ஒளி மட்டும். பாறைதான், வேறென்ன, என்று நினைத்தாள். வழவழப்பான கல் ஒலியை நன்றாகத் திருப்பும். இறங்குவரிசைக்கு வேறு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். கோளாறு என்பது நமக்கு இன்னும் தெரியாத ஒழுங்கு, அவ்வளவுதான். இந்த நம்பிக்கையில்தான் அவள் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினாள்.

குன்றிலிருந்து இறங்கும்போது இயந்திரம் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அது இதுவரை எதையெல்லாம் மூடியிருந்தது என்று தெரிந்தது: காய்ந்த இலை நொறுங்குவது, தூரத்துக் கடல், அவளுடைய செருப்பின் சத்தம். அந்தச் செருப்புச் சத்தத்தோடு ஒட்டி இன்னொன்று. தனியாக அல்ல. அவள் அடி வைக்கும்போது மட்டும், அதற்கு ஒரு மயிரிழை முன்னதாக.

நின்றாள். அதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லாத ஒற்றையடிப் பாதை.

நான்காவது நிறுத்தம் பட்டறைத் தெருவில். சாலையோரம் பாதி செதுக்கிய பிள்ளையார்களும் தலை இல்லாத நந்திகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அங்கே பூட்டு திறந்தது. அவள் போனின் சோதனைத் திரையைத் திறந்து தூரத்தைப் பார்த்தாள். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். கவனித்தபோது அது அப்படியே நிற்கவில்லை. நாற்பத்து நான்காகி, ஐந்தாகி, ஆறாகி, மறுபடி இறங்கியது. மெதுவாக. ஒரே சீராக. மென்பொருள் கோளாறு என்றால் எண் உறைந்து நிற்கும், இல்லை தாறுமாறாகக் குதிக்கும். இப்படி ஏறி இறங்காது. இப்படி ஏறி இறங்கும் வேறொன்றை அவளுக்குத் தெரியும். தூங்கும் கெசியாவின் நெஞ்சு.

சே, என்று போனை அணைத்தாள்.

ஐந்தாவது நிறுத்தம் மீனவர் குப்பத்துக் கடற்கரை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சூரியன் ஊருக்குப் பின்னால் போயிருந்தது. கரையேற்றிய படகுகளுக்கு நடுவில் ஈர வலை நாற்றமும் வறுத்த மீன் வாசமும் கலந்து வந்தன. ஓர் அடுப்பு, ஒரு தட்டு வஞ்சிரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவுதான் சந்திரம்மாவின் கடை. விளையாட வருகிறவர்களுக்கு விடை எழுதிய சீட்டைக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. அதனால் ஜெபாவைத் தெரியும்.

"வாம்மா. அந்த அண்ணாத்த வர்லியா, தீனா? மூணு துண்டு தின்னுட்டு டப்பு அப்பறம் தரேன்னு சொல்லிட்டுப் போச்சு."

"நான் தரேங்க்கா. அவன் அப்படித்தான்."

ஜெபா பேசிக்கொண்டே தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள்.

"இன்னாம்மா, வந்ததுலேர்ந்து திரும்பித் திரும்பிப் பாத்துகினு கீற? எவனாச்சும் தொந்தரவு குடுக்கறானா? சொல்லு, கரண்டியக் காய வெச்சுதான் கீறேன்."

"யாரோ பின்னாலயே வர்ற மாதிரி இருந்துச்சு."

சந்திரம்மா எழுந்து, இடுப்பில் கை வைத்து, கரையை மேலும் கீழுமாக நிதானமாகப் பார்த்தாள். "பின்னால ஒருத்தரும் இல்ல," என்றாள்.

அவள் சட்டியில் மீனைத் திருப்பியதும் புகை எழுந்தது. கடல் காற்று அதை நேராக ஜெபாவின் முகத்துக்குக் கொண்டுவந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். எரியவில்லை. திறந்து பார்த்தாள். புகை அவளை நோக்கித்தான் வந்தது. முகத்துக்குச் சற்று முன்னால், ஒரு முழத்தில், இரண்டாகப் பிரிந்து அவளுடைய காதுகளுக்கு இருபுறமும் வழிந்து போனது. காற்று எந்தத் தடையையும் அப்படித்தான் சுற்றிப் போகும், தன் தலைதான் தடை, என்று அவள் தனக்கே விளக்கிக்கொண்டாள். சரியான விளக்கம். தலை அவ்வளவு முன்னால் இல்லை என்பதைத் தவிர.

பூட்டு திறந்தது. அவள் வேகமாக நடந்தாள்.

அலை வந்து போன ஈர மணலில் நடப்பது எளிது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒருவரின் காலடிகள். அவளுடையவை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகு குனிந்து கடைசித் தடத்தைப் பார்த்தாள். முன்பக்கம் ஐந்து விரல்கள். குதிகால் பதிய வேண்டிய பின்பக்கத்திலும் ஐந்து விரல்கள். அதற்கு முந்தைய தடத்திலும் அப்படியே. கால் சறுக்கியிருக்கும். ஈர மணல் இளகும். இளகினால் தடம் கலையும். எல்லாத் தடமும் ஒரே மாதிரி கலையுமா என்ற கேள்வியை அவள் முடிக்க விடவில்லை.

கடைசி நிறுத்தம், கடல் தின்றுவிட்ட ஒரு வீட்டின் மிச்சமான சுவர். அதில் ஒரு துளை. அந்தத் துளையில் கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தால், கரையில் கிடக்கும் உடைந்த படகின் மேல் எழுதிய பெயர் தெரியும். அதுதான் விடை. சுவரில் நெற்றியும் மூக்கும் பட நிற்காவிட்டால் அது கண்ணில் படாதபடி பார்த்துப் பார்த்து அமைத்திருந்தாள். ஆனால் தானே போட்ட விடுகதைக்கு விடை தேட யார் மெனக்கெடுவார்கள்? இருட்டிக்கொண்டு வந்தது. அவள் சுவரின் அருகில்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே படகின் பெயரைத் தட்டினாள்.

'இருவர் இருக்கிறீர்கள். பூட்டு திறந்தது. வாழ்த்துகள்! உங்கள் நடை முடிந்தது.'

திரையில் வண்ணத் தாள்கள் உதிர்ந்தன. ஜெபா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற மூவருக்கும் இங்கே பூட்டு மூடியிருந்தது. அவளுக்கு மட்டும் மூடவில்லை.

செங்கல்பட்டுப் பேருந்தில் கூட்டம் இல்லை. முன்வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தாள். முன்னால் இருக்கை ஏதும் கிடையாது, வாசல் கம்பியும் கொஞ்சம் வெற்றிடமும்தான். ஜன்னல் வழியே காற்று அடித்தது. திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். மனதை வேலையில் செலுத்தினால் சரியாகும் என்று, அன்றைய ஒலிப்பதிவைத் திறந்தாள். காதுக்கு எட்டாத சீட்டியைக் கேட்க ஒரு வழி உண்டு. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் சுரம் கீழே இறங்கிவிடும். பழைய டேப்பில் பேட்டரி தீரும்போது பாட்டு கட்டைக் குரலாவது போலத்தான். குறைத்தாள். காதில் இயர்போனைப் பொருத்தினாள்.

முதலில் அவளுடைய போன். மூன்று சுரம், ஏறுவரிசை. சுத்தமாக, இயந்திரமாக.

பிறகு பதில். மூன்று சுரம், இறங்குவரிசை. முதல் சுரம் சற்றுப் பிசிறடித்தது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதற்கு முன்னால் ஒரு சிறிய இடைவெளி. அதில் மெல்லிய இழுப்பு. போன் மூச்சு வாங்காது.

நான்காம் நிறுத்தத்தின் பதிவைப் போட்டாள். அங்கே பிசிறு குறைந்திருந்தது. ஐந்தாவதில் இன்னும் சுத்தம். ஆறாவதில் எது போன், எது பதில் என்று பிரிக்க முடியவில்லை.

பழகிக்கொண்டு வருகிறது.

போன் அதிர்ந்தது. கையிலிருந்து நழுவப் பார்த்தது. பெஞ்சமின், அவள் கணவன்.

"இன்னா ஜெபா, எங்க கீற? தோச மாவு புளிச்சுப் போச்சு, நானும் புளிச்சுப் போயி குந்திகினு கீறேன்."

"வந்துகினே கீறேன். பாப்பா தூங்கிட்டாளா?"

"எங்க தூங்கறா? என் போனப் புடுங்கி வெச்சிக்கினு நெஞ்சாண்ட புடிச்சிகினு நிக்குது, சர்ச்சுல மெழுகுவத்தி புடிக்கற மாதிரி. இரு, குடுக்கறேன்."

"ம்மா! நீ வர்றப்ப நான் கேட்டாண்ட நிப்பேன். நாம ரெண்டு பேரும் பூட்டு தொறக்கலாம், சரியா?"

"கேட்டாண்ட வேணாம் கண்ணு. உள்ளயே இரு."

"ஏன்?"

"வந்து சொல்றேன்," என்று போனை வைத்தாள். மூக்குக் கண்ணாடி மங்கியிருந்தது. கழற்றித் துடைத்துப் போட்டாள். மறுபடி மங்கியது. குளிர்ந்த கண்ணாடியில் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால் ஆவி படியும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது நடப்பதுதான். ஆனால் இந்தப் பேருந்தில் ஏசி கிடையாது. காற்று ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி ஏறியது. இறங்கியது. மெதுவாக. ஒரே சீராக. கல்லைப் புதிதாக உடைத்தால் வரும் வாசனை அதில் இருந்தது.

செங்கல்பட்டில் இறங்கியவள் வீட்டுக்கு நேரே போகவில்லை. போகத் துணிவு வரவில்லை. ஏரிப் பக்கத்துத் தெருவின் முனையில், விளக்குக் கம்பத்தின் கீழ் நின்றாள். சோதிக்கிறவளுக்கு ஒரே வழிதான் தெரியும். சோதிக்க வேண்டும்.

போனை நெஞ்சருகே பிடித்தாள். நாற்பத்தைந்து.

அவளுடைய முகமே ஒலியைத் திருப்புகிறதென்றால், போனை முகத்திலிருந்து விலக்கும்போது எண் கூட வேண்டும். பின்னால் ஏதாவது நின்றாலும் கூடத்தான் வேண்டும். இது கணக்கு. இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

கையை நீட்டினாள்.

முப்பது.

இன்னும் நீட்டினாள்.

பதினைந்து.

பின்னால் யாரும் இல்லை. எப்போதுமே இல்லை.

கடைசியாக நாலைந்து விரற்கடை நீட்டினாள். ஆறு. விரல் முட்டிகளில் வெப்பம். ஈரம். போனது. வந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தினால் வாய் திறக்க வேண்டும், அதற்கு எதிரே.

யோசி. யோசி, ஜெபா.

மூன்று பேருக்கு ஆறாவதில் பூட்டு மூடியது. அவளுக்கு மூடவில்லை. மூன்று பேர் செய்து, அவள் செய்யாதது என்ன? துளையில் பார்த்தது. எப்படிப் பார்த்தார்கள்? சுவரில் நெற்றி பட. மூக்கு பட. அப்போது அவர்கள் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றும் நிற்க முடியாது. நிற்க இடம் இல்லை. அதனால் விலகியது. தேடி வந்த விடை இவ்வளவு சின்னது.

சுவர் வேண்டும். தெரு முழுக்கத் திறந்த கதவுகள். தொலைக்காட்சி ஒலிக்கும் வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவர் சுவரில் முகத்தை வைத்தால் ஓடி வந்து கேட்பார்கள், எதிரே வந்து நிற்பார்கள். கூடாது. தன் வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து உண்டு. ஆள் உயரச் சுற்றுச்சுவர். அங்கே யாரும் வருவதில்லை. வாசலிலிருந்தும் தள்ளி இருக்கிறது. பிள்ளைக்கு அருகில் இதைக் கொண்டுபோகாமல், அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடலாம்.

தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். வீட்டு கேட்டின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். சந்துக்குள் திரும்பினாள். சாக்கடை வாடை. பூசாத சிமென்ட் சுவர். பகல் வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது.

முகத்தைச் சுவரில் வைத்தாள்.

நெற்றி. மூக்கு. உதடு. கரடான சிமென்ட் கன்னத்தைக் கீறியது. இன்னும் அழுத்தினாள். கண்ணாடிச் சட்டம் வளைந்தது. ஒரு கணம் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் மெத்தென்று, குளிர்ந்த மாவுபோல ஏதோ நசுங்கியது. பிறகு இல்லை. வெறும் சுவர்.

போனைக் கன்னத்தருகே தூக்கி, ஓரக்கண்ணால் பார்த்தாள்.

'ஒருவர் மட்டும். பூட்டு திறக்காது.'

சுவரிலிருந்து விலகினாள். போனை நெஞ்சருகே பிடித்தாள். 'ஒருவர் மட்டும்.' கையை நீட்டினாள். 'ஒருவர் மட்டும்.' ஏரிக் காற்று முகத்தில் பட்டது. மாலையிலிருந்து முதல் முறையாகப் பட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"ம்மா."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நான் கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். நீ பாக்காம இந்தப் பக்கம் பூட்ட. நானும் உள்ளாண்டயே ஓடியாந்துட்டேன்." பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "ம்மா, எனக்குத் தொறந்துடுச்சு! நீ அந்தாண்டதான கீற? ஆனாத் தொறந்துடுச்சு!"

ஒலி சுவரைத் தாண்டாது.

ஜெபா ஓடினாள். செருப்பு சந்திலேயே கிடந்தது. கேட்டைத் தள்ளித் திறந்து, பக்கவாட்டில் துணி துவைக்கும் கல்லருகே வந்து நின்றாள். குளியலறை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், சுவரைப் பார்த்தபடி கெசியா நின்றிருந்தாள். சொல்லிக்கொடுத்த மாதிரியே, அப்பாவின் போனை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள். அம்மா வந்ததை அவள் பார்க்கவில்லை. முகத்தைச் சற்றே மேலே தூக்கி, அருகில் இருக்கும் எதையோ பார்ப்பவள்போலக் கண்களைக் குவித்திருந்தாள். கொடியில் காய்ந்த துணி எதுவும் அசையவில்லை. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி மட்டும் எழுந்தது. அடங்கியது. எழுந்தது.

சிக்கல் தீர்ந்துவிட்டது. முகத்துக்கு முன்னால் இடம் இல்லாவிட்டால் அது அங்கே நிற்பதில்லை; சுவரின் அந்தப் பக்கம் இடம் இருக்கிற முகத்தின் முன்னால் போய் நிற்கிறது. கடற்கரைச் சுவரின் அந்தப் பக்கம் யாரும் இருந்ததில்லை. இங்கே ஒரு முகம் இருந்தது.